சுண்ணாம்பும் துருசும் ஒரு கத்தியும்

தெளிந்த சுண்ணாம்பு நீரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் கால்சியம் கார்பனேட்டும் நீரும் கிடைக்கின்றன. இது எந்த வகை வினை? கீழே நான்கு விடைகள்: சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி. ஒரு பள்ளியின் மாதத் தேர்வில் வந்த ஒரு மதிப்பெண் கேள்வி இது. மாலையில் என்னிடம் வேதியியல் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பெண் நான்கில் எதையும் குறிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ‘எதுவும் பொருந்தவில்லை’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். விடைக்குறிப்பில் இருந்தது ‘இரட்டை இடப்பெயர்ச்சி’. மதிப்பெண் போயிற்று. அது போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வகுப்பில் சொல்லப்பட்ட காரணம்தான் என்னை விடவே இல்லை. இடப்பக்கம் இரண்டு பொருள், வலப்பக்கம் இரண்டு பொருள், இரண்டு பக்கமும் சேர்மங்கள், ஆகவே இரட்டை இடப்பெயர்ச்சி. அவ்வளவுதான் காரணம். எது எதை விட்டுப் போயிற்று, எது எதனோடு சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரே தெருவில் இரண்டு பாடத்திட்டம் ஓடும். கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற பிள்ளைகள் ஒரு பக்கம். காலையில் வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கோவைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘வேதிவினைகளின் வகைகள்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு கூட்டமும் என் வீட்டுத் திண்ணையில் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். புத்தகம் வேறு, கேள்வித்தாள் வேறு, ஆனால் வினையின் வகையைக் கண்டுபிடிக்க இருவரும் வைத்திருக்கும் குறுக்கு வழி ஒன்றுதான். ‘அ’வும் ‘ஆ’வும் சேர்ந்து ‘அஆ’ ஆனால் சேர்க்கை. ‘அஆ’ பிரிந்தால் சிதைவு. தனியாக நின்ற ‘இ’, ‘அஆ’வுக்குள் புகுந்து ‘அ’வைத் துரத்தினால் ஒற்றை இடப்பெயர்ச்சி. ‘அஆ’வும் ‘இஈ’யும் ஜோடி மாற்றிக்கொண்டால் இரட்டை. சமன்பாட்டின் உருவத்தைப் பார்த்தாலே போதும், பொருள் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. இந்த வழி பெரும்பாலும் சரியான விடையையே தரும். அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. சரியான விடை வந்தபிறகு பிள்ளை ஏன் பொருளைத் திரும்பிப் பார்க்கப் போகிறது?

கல்லிலிருந்து கல்லுக்கு

அந்தக் கேள்வியில் வந்த சுண்ணாம்பு எங்கள் ஊருக்கு அந்நியமானது அல்ல. வடக்கே வாளையாறு மலையில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லில்தான் மலபார் சிமெண்ட்ஸ் ஆலை பல ஆண்டுகள் ஓடியது. பாலக்காட்டுக் கணவாயின் அந்தப் பக்கம் மதுக்கரையும் சிமெண்டால் பேர் வாங்கிய ஊர். ஆகவே நான் வினை வகைகளைத் தொடங்குவது எப்போதும் கல்லிலிருந்துதான். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிராம் தூய கல்லுக்கு 56 கிராம் சுண்ணாம்பு, 44 கிராம் வாயு. இது சிதைவு, யாருக்கும் சந்தேகம் வராது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி மாவாக உதிரும். எங்கள் பக்கம் சுண்ணாம்பு தாளிப்பது என்பார்கள். 56 கிராமோடு 18 கிராம் நீர் சேர்ந்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. இது சேர்க்கை, இதிலும் சந்தேகம் இல்லை. பக்கத்தில் கை வைக்க முடியாத அளவு சூடு வருவதால் பிள்ளைகள் இதை மறப்பதும் இல்லை.

மூன்றாவது வினைதான் தேர்வில் வந்தது. தாளித்த சுண்ணாம்பைச் சுவரில் அடித்துவிட்டால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு, நீரை விட்டுவிட்டு, மறுபடி கல்லாகிறது. 74 கிராமோடு 44 கிராம் வாயு சேர்ந்து 100 கிராம் கல்லும் 18 கிராம் நீரும். காளவாயில் போன அதே 44, தாளிக்கும்போது வந்த அதே 18. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். எடின்பரோவில் ஜோசப் பிளாக் 1756ல் அச்சிட்ட ஆய்வில் செய்ததும் ஏறத்தாழ இதுதான். சுண்ணாம்புக்கல் சுடும்போது இழக்கும் எடை ஒரு வாயுவின் எடை என்று தராசை வைத்துக் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘நிலைப்படுத்தப்பட்ட காற்று’, கல்லுக்குள் கட்டுண்டு கிடந்த காற்று என்ற பொருளில். நாம் மூச்சாக விடும் காற்றிலும் அதுவே இருக்கிறது என்று சுண்ணாம்பு நீரைக் கொண்டே சொன்னவரும் அவர்தான்.

அப்படியானால் இந்த மூன்றாவது வினையில் யார் யாரை இடம்பெயர்த்தார்கள்? ஜோடி மாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஜோடி இருக்க வேண்டும். கால்சியம் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் ஒரு ஜோடி, சரி. கார்பன் டை ஆக்சைடில் ஜோடி எங்கே? அது அயனிகளால் ஆனதே அல்ல. கார்பனை ஒரு கையிலும் ஆக்சிஜனை இன்னொரு கையிலும் பிரித்துக் கொடுத்தால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் ஹைட்ராக்சைடும் என்று இல்லாத ஒன்றை எழுத வேண்டிவரும். அந்தப் பெண் பென்சிலில் எழுதியது சரி. ஆனால் ‘சரி’ என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனமில்லை. எந்த வகையிலும் பொருந்தாததற்குக் காரணம் வினையா, வகையா?

தோப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அவளுடைய அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, தென்னந்தோப்பு, ஊடுபயிராகக் கொஞ்சம் பாக்கு. மழைக்கு முன்னால் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. தென்னையில் குருத்தழுகலுக்கும் பாக்கில் காயழுகலுக்கும் இன்றும் அதைத்தான் நம்புகிறார். கலவை போடுகிற நாளில் வந்து பாருங்கள் என்று அவள்தான் என்னை அழைத்தாள். ‘துருசு, சுண்ணாம்பு எல்லாம் நம்ம பாடத்துல வருதுங்க டீச்சர்’ என்றாள். துருசு என்றால் காப்பர் சல்பேட். போனேன்.

ஒரு விழுக்காட்டுக் கலவைக்குக் கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. துருசை ஒரு பாத்திரத்தில் 50 லிட்டரில் கரைப்பார்கள், சுண்ணாம்பை இன்னொன்றில் 50 லிட்டரில். பிறகு துருசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்பு அண்டாவில் போடக் கூடாது, பிளாஸ்டிக் டிரம்மோ மண்பானையோதான். அடர்நீலக் கரைசல் வெள்ளைப் பாலில் விழுந்ததும் வான்நீல நிறத்தில் கூழ்போல ஒன்று திரளும். காப்பர் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் ஜோடி மாற்றிக் காப்பர் ஹைட்ராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் ஆகின்றன என்று பாடத்தில் எழுதலாம். உண்மையில் விழும் கூழ் இதைவிடச் சிக்கலான கார உப்புக்களின் கலவை. ஆனாலும் செம்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது என்பதுதான் சாரம். அது இலையில் ஒட்டிக்கொண்டு, மழையில் ஒரே நாளில் கரைந்து ஓடாமல், பூஞ்சை வித்து முளைக்கும்போதெல்லாம் துளித்துளியாகச் செம்பை விடும். இதைக் கண்டறிந்த கதையும் நல்ல கதை. பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சை திருடுகிறவர்களை விரட்டச் சாலையோரக் கொடிகளில் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்டே 1882ல் கவனித்து, சோதித்து, 1885ல் வெளியிட்டார்.

கலவை தயாரானதும் அப்பாரு பேத்தியைப் பார்த்து, ‘கண்ணு, அந்தக் கத்தியத் தேச்சுத் தொடச்சுக் கொண்டா’ என்றார். தேங்காய் வெட்டுகிற சாதாரண இரும்புக் கத்தி. மணலில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கலவைக்குள் முக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து எடுத்தார். விளிம்பில் செம்பழுப்பாக ஒரு பூச்சு. அதை என்னிடம் நீட்டி, ‘சுண்ணாம்பு பத்தலீங்க டீச்சர். இதை அப்படியே அடிச்சா இலை கருகிப்போகும்’ என்றார். கரைசலில் தனிச்செம்பு இன்னும் மிச்சமிருந்தால் இரும்பு அதை வெளியேற்றித் தன் மேல் படிய வைத்துக்கொள்ளும், தான் கரைந்து உள்ளே போகும். புத்தகத்தில் இரும்பாணியையும் காப்பர் சல்பேட் கரைசலையும் வைத்து ஒற்றை இடப்பெயர்ச்சிக்குக் காட்டுகிற அதே வினை. இங்கே அது உதாரணமாக இல்லை, ஒரு மனிதர் தன் மரத்தைக் காப்பாற்றச் செய்கிற சோதனையாக இருந்தது. இரும்பு அண்டா ஏன் ஆகாது என்பதற்கும் பதில் அந்தக் கத்தியிலேயே இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு கிலோ துருசுக்கு, கணக்குப்படி, 300 கிராம் நல்ல நீற்றுச் சுண்ணாம்பே போதும். துருசின் மோலார் நிறை ஏறத்தாழ 250, நீற்றுச் சுண்ணாம்பினுடையது 74. ஒரு கிலோ என்பது மூன்று மடங்குக்கும் மேல். பிறகு எப்படிப் பற்றாமல் போகும்? நான் கேட்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்: ‘அப்பாரு, ஒரு கிலோ போட்டீங்கல்ல, எப்படிப் பத்தாம போச்சு?’

‘போன வருசத்து மூட்டை கண்ணு. வாயைத் தொறந்தே கெடந்துச்சு. காத்துப் பட்டு வீரியம் போயிருச்சு.’

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேர்வுத்தாளில் வந்த வினை அந்தச் சாக்குப் பைக்குள் ஓராண்டாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. தாளித்த சுண்ணாம்பு காற்றின் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக் கல்லாகிப் போயிருக்கிறது. வெள்ளை நிறம் மாறவில்லை, மாவுத்தன்மை மாறவில்லை, பார்த்தால் அதே சுண்ணாம்பு. ஆனால் கார்பனேட் துருசோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்யாது. அப்பாரு புதிதாக வாங்கிய கற்சுண்ணாம்பைத் தாளித்து ஊற்றிக் கலக்கினார். மறுபடி கத்தியைத் தேய்த்து முக்கினார். இந்த முறை இரும்பு இரும்பாகவே வெளியே வந்தது. பிறகுதான் தெளிப்பானை நிரப்பினார்.

சாயங்காலம் அந்தப் பழைய சுண்ணாம்பில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வந்தோம். வீட்டில் இரண்டு கிண்ணங்களில் பழையதையும் புதியதையும் வைத்து இரண்டிலும் வினிகர் விட்டோம். பழையது நுரைத்துப் பொங்கியது. புதியது சூடானதே தவிர, நுரை சொல்லும்படி இல்லை. நுரை வந்தால் கார்பனேட். அந்த நுரையையும் வகைப்படுத்தச் சொன்னேன். இந்த முறை அவள் உருவத்தைப் பார்க்கவில்லை. முதலில் கார்பனேட்டும் அமிலமும் ஜோடி மாற்றினால் கார்பானிக் அமிலம் வரும், அது நிற்காமல் நீராகவும் வாயுவாகவும் உடையும், ஆகவே இரட்டை இடப்பெயர்ச்சிக்குப் பின் ஒரு சிதைவு என்றாள். நான் சொல்லிக்கொடுக்காமல் அவளே இரண்டாகப் பிரித்தாள்.

அதே முறையில் சுண்ணாம்பு நீரையும் பிரித்தோம். வாயு நீரில் கரைந்ததும் ஹைட்ராக்சைடு அயனி ஒன்று அதோடு ஒட்டிப் பைகார்பனேட் ஆகிறது, அது சேர்க்கை. அந்தப் பைகார்பனேட்டிலிருந்து இன்னொரு ஹைட்ராக்சைடு ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, பிடுங்கி நீராகிறது, கார்பனேட் மிஞ்சுகிறது. இது அமில–கார வினை, நடுநிலையாக்கல். மிஞ்சிய கார்பனேட்டும் காத்திருந்த கால்சியமும் சேர்ந்து வெள்ளையாக விழுகின்றன, அது வீழ்படிவாதல். ஒரு வரிச் சமன்பாட்டுக்குள் மூன்று நிகழ்வுகள், மூன்றும் வெவ்வேறு வகை. சுவரில் வெள்ளையடித்த பிறகு ஈரம் முழுதாகக் காய்ந்துபோனால் சுண்ணாம்பு சரியாக இறுகாது. சுண்ணாம்புப் பூச்சு பூசிய கொத்தனார்கள் மறுநாளும் தண்ணீர் தெளிப்பதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. முதல் நிகழ்வு நடக்கவே நீர் வேண்டும். சமன்பாட்டில் நீர் விளைபொருளாக மட்டும் நிற்பதால் இந்த உண்மை மறைந்துபோகிறது.

இன்னும் ஊதிக்கொண்டே இருந்தால் பால்போலக் கலங்கிய நீர் மறுபடி தெளியும். கல்லும் நீரும் வாயுவும் மூன்றாகச் சேர்ந்து கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் ஆகிவிடுகின்றன. அதைக் காய்ச்சினால் திரும்பவும் மூன்றாகப் பிரியும். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைத் திட்டு அந்தச் சிதைவின் மிச்சம்.

இந்த வகைகள் எங்கிருந்து வந்தன

அன்றைக்குப் பிறகு வகைகளின் வரலாற்றையே தேடிப் படித்தேன். ஒற்றை, இரட்டை என்று பிரிக்கும் பழக்கம் அயனி, எலக்ட்ரான் எதுவும் தெரியாத காலத்தது. 1718ல் பிரான்சின் ஜியோஃப்ரா ஒரு பட்டியல் போட்டார். எந்தப் பொருளுக்கு எதன் மேல் நாட்டம் அதிகம், எது வந்தால் எது விலகும் என்பதைக் காட்டும் பட்டியல். 1775ல் சுவீடனின் டோர்பர்ன் பெர்க்மன் அதை மிகப் பெரிதாக விரித்து, ஒற்றைத் தேர்வு நாட்டம், இரட்டைத் தேர்வு நாட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார். இன்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற ஒற்றை, இரட்டை இடப்பெயர்ச்சிகளின் மூதாதை அதுதான். அந்த வகைகளுக்குப் பின்னால் ஒரு நேர்மையான கேள்வி இருந்தது: பாத்திரத்தில் எது விலகியது, எது சேர்ந்தது? கேள்வி பாத்திரத்தைப் பற்றியது. தாளில் எழுதிய குறியீடுகளின் வரிசையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாம் இன்று எழுதும் குறியீடுகளே அப்போது இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதியில் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸின் வழியில் சிந்தித்தவர்கள் உப்பை ஒரு கார ஆக்சைடும் ஓர் அமில ஆக்சைடும் ஒட்டியதாகப் பார்த்தார்கள். அந்தக் கண்ணோட்டத்தில் சுண்ணாம்புக்கல் என்பது சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் ஒட்டியது, நீற்றுச் சுண்ணாம்பு என்பது சுட்ட சுண்ணாம்பும் நீரும் ஒட்டியது. அப்படி எழுதிப் பார்த்தால் நம் தேர்வு வினையில் வாயு வந்து நீரைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. ஒற்றை இடப்பெயர்ச்சி! இதை முதன்முறை எழுதிப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. வினை ஒன்றுதான், எழுதும் முறை மாறினால் வகையும் மாறிவிடுகிறது.

1880களில் சுவீடனின் அரீனியஸ், உப்புகள் கரைசலில் அயனிகளாகப் பிரிந்தே இருக்கின்றன என்றார். அதை ஏற்றுக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி என்ற வகையே ஆட்டம் காண்கிறது. சில்வர் நைட்ரேட்டையும் சோடியம் குளோரைடையும் கலக்கிறோம். சோடியமும் நைட்ரேட்டும் கலக்கும் முன்பும் தனித்தனியாகத் திரிந்தன, கலந்த பின்பும் அப்படியேதான் திரிகின்றன. அவை ஜோடி சேரவே இல்லை. நடந்தது ஒன்றே ஒன்று, சில்வர் அயனியும் குளோரைடு அயனியும் சேர்ந்து வெண்மையாக விழுந்தன. அதை மட்டும் எழுதினால் உருவத்தில் அது சேர்க்கை வினை. அமிலமும் காரமும் கலந்தாலும் அப்படித்தான், ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து நீர். புத்தகம் இரட்டை என்கிற வினைகளில் பல, வேடிக்கை பார்க்கும் அயனிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், சேர்க்கையாகவே தெரிகின்றன.

கத்தியில் நடந்தது மட்டும் எப்படி எழுதினாலும் மாறுவதில்லை. சல்பேட்டை நீக்கிவிட்டு எழுதினாலும் இரும்பு உள்ளே போகிறது, செம்பு வெளியே வருகிறது. இரும்பு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்தது, செம்பு அயனி வாங்கிக்கொண்டது. எலக்ட்ரான் 1897ல்தான் கண்டறியப்பட்டது. ஆனாலும் இடம் மாறுகிறது என்று முன்னோர்கள் பார்த்த பார்வை இந்த வினையில் முழுதாக நிற்கிறது. ஆகவே என் அளவில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு வினையைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது நான்கில் எது என்பது அல்ல. எலக்ட்ரான் கை மாறியதா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு பக்கம் சேர்மத்தில் கட்டுண்ட தனிமம் இன்னொரு பக்கம் தனியாக நின்றால் கட்டாயம் கை மாறியிருக்கிறது. கை மாறவில்லை என்றால் அடுத்த கேள்வி: புரோட்டான் மாறியதா, அல்லது கரையாத ஒன்று விழுந்ததா, அல்லது வாயு கிளம்பியதா? இதற்குப் பிறகு சேர்க்கை, சிதைவு என்று பேர் வைத்துக்கொள்ளட்டும். பேர் வைப்பதில் எனக்குப் பகை கிடையாது. தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு அது வேண்டும், நான் அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன்.

எரிதலை இந்தப் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்ப்பதுதான் பிள்ளைகளை மிகவும் குழப்புகிறது. மெக்னீசியம் நாடா எரிந்து வெண்சாம்பல் ஆகிறது. அது எரிதலா, சேர்க்கையா என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டால் நியாயமான விடை ‘இரண்டும்’. சேர்க்கை என்பது எத்தனை பொருள் எத்தனை ஆயிற்று என்ற கணக்கு. எரிதல் என்பது ஆக்சிஜனோடு சுடரும் சூடுமாக நடந்ததா என்பது. வெவ்வேறு கேள்விகளின் விடைகளை ஒரே வரிசையில் நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அநியாயம். கேள்வித்தாள் தயாரிக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இதுதான்: ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் அடங்கும் வினையைக் கொடுத்தால் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள், காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். சுண்ணாம்பு நீர்க் கேள்வியை நீக்க வேண்டியதில்லை. ‘கரைசலில் என்னென்ன நடக்கிறது?’ என்று மாற்றிக் கேட்டால் அதைவிட நல்ல கேள்வி இருக்காது.

கள்ளும் தெளுவும்

கடைசியாக அவள் கேட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துப் பிள்ளை கள்ளைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. இந்தப் பக்கம் அனுமதி பெற்ற கள்ளுக்கடைகள் திறந்திருக்கின்றன, தோப்பில் மரம் ஏறுகிறவர்கள் தினமும் இறக்குகிறார்கள். மரத்தில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது தெளுவு, அதாவது பதநீர்; தடவாவிட்டால் கள். ‘அப்ப சர்க்கரை சாராயமாகுறது எந்த வகைங்க டீச்சர்?’ என்றாள்.

உருவத்தைப் பார்த்தால் சிதைவு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்து இரண்டு எத்தனாலும் இரண்டு கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது, வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. அத்தோடு விட்டுவிடாமல் முதல் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுத்ததா, வாங்கியதா என்று காட்டும் ஆக்சிஜனேற்ற எண்ணைக் கணக்கிட்டாள். குளுக்கோஸின் கார்பன்களுக்குச் சராசரி பூஜ்யம். எத்தனாலில் சராசரி மைனஸ் இரண்டு, வாயுவில் பிளஸ் நான்கு. நான்கு கார்பன்கள் எட்டு எலக்ட்ரான்களை வாங்கியிருக்கின்றன, இரண்டு கார்பன்கள் எட்டைக் கொடுத்திருக்கின்றன, கணக்கு நேராயிற்று. கொடுத்ததும் வாங்கியதும் ஒரே மூலக்கூறுக்குள் இருந்த ஒரே தனிமம். ஈஸ்ட் உயிர் வாழ்வதற்கான ஆற்றலை இந்த உடைப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் காரத்தன்மை ஏறிவிடுவதால் ஈஸ்ட்டால் அங்கே பெருக முடிவதில்லை, சர்க்கரை சர்க்கரையாகவே கீழே வருகிறது. அவள் நோட்டில் ‘சிதைவு’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘எலக்ட்ரான் மாறியது’ என்றும் எழுதினாள். அப்புறம், பழைய மூட்டைச் சுண்ணாம்பைக் கலயத்தில் தடவினால் தெளுவு புளித்துவிடுமா என்று கேட்டாள். நாளாகிக் கார்பனேட்டாகவே மாறிவிட்ட சுண்ணாம்பு என்றால் காரம் போதாது, புளித்துவிடும் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. மரம் ஏறுகிற ஒருவரிடம் இரண்டு கலயம் கட்டித் தரச் சொல்லி அப்பாருவிடம் கேட்டிருக்கிறாளாம், ஒன்றில் பழையது, ஒன்றில் புதியது.